ஓமஹா போக்கர்: நாலு சீட்டை ஆறு ஜோடியாகப் பிரித்து ஒரு மதிப்பெண் தாள் செய்த அனுபவம்

எங்கள் வீட்டு மேசையில் முன்பெல்லாம் ஆளுக்கு இரண்டு சீட்டு போடும் போக்கரான ஹோல்டெம்தான் ஓடும், இப்போது பாட் லிமிட் ஓமஹாவுக்கு மாறிவிட்டோம் (பாட் என்றால் நடுவில் சேர்ந்திருக்கும் சிப், ஒரு தடவை ஏற்றுவதற்கு அதுதான் எல்லை). மாறியதும் எல்லாருக்கும் வந்த ஒரே கேள்வி, கையில் விழுந்த நாலு சீட்டு நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? ஹோல்டெமில் இரண்டே சீட்டு, பார்த்த உடனே தெரிந்துவிடும். இங்கே நாலும் பெரிய சீட்டாக வந்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் ரிவர், அதாவது கடைசிப் பொதுச் சீட்டு, வரும்போது அதே கை எதற்கும் உதவாமல் நிற்கிறது. அதனால் கைக்கு மதிப்பெண் போடுகிற ஒரு தாள் செய்வது, அதைக் கணினியில் ஓட்டிச் சரிபார்ப்பது, பிறகு அதே தாளை வைத்து எவ்வளவு பெட் (பந்தயம்) வைப்பது என்பது வரைக்கும் போவது என்று முடிவு செய்தேன். அந்த வேலையின் பதிவு இது.

எங்கள் மேசையில் பிளாஸ்டிக் சிப் மட்டும்தான், பணம் கிடையாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் இந்தியா முழுக்கத் தடை செய்துவிட்டது, எனவே அந்தப் பக்கம் போகிற பேச்சே இல்லை. கணக்காகப் பார்த்தாலே இந்த ஆட்டம் அவ்வளவு சுவையானது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேவைப்பட்டவை: இரண்டு சீட்டுக்கட்டு, கோடு போட்ட நோட்டு, பைத்தான் உள்ள ஒரு மடிக்கணினி.

விதியில் இருந்தே தொடங்க வேண்டும்

ஆளுக்கு நாலு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு: முதலில் ஒன்றாக விழும் மூன்றும் ஃப்ளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஐந்து சீட்டுக் கையைக் கட்டும்போது உங்கள் கையில் இருந்து சரியாக இரண்டு, மேசையில் இருந்து சரியாக மூன்று, கூடவும் கூடாது குறையவும் கூடாது. மேசையில் நாலு இஸ்பேட் கிடக்கிறது, உங்களிடம் இஸ்பேட் ஏஸ் ஒன்று மட்டும் இருக்கிறது என்றால் ஹோல்டெமில் அது ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்), இங்கே அது வெறும் ஏஸ். 1980களின் தொடக்கத்தில் ராபர்ட் டர்னர் கொண்டுவந்து, லாஸ் வேகாஸ் கோல்டன் நக்கெட்டில் பில் பாய்ட் மேசை போட்டு ஆடவைத்த ஆட்டம் இது. மற்றதெல்லாம் ஏறக்குறைய ஹோல்டெம்தான், இந்த 'சரியாக இரண்டு' விதிதான் ஆட்டத்தையே வேறாக்குகிறது.

இரண்டுதான் பயன்படும் என்றால் நாலு சீட்டை நாலு சீட்டாகப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. நாலில் இருந்து இரண்டு எடுக்க ஆறு வழி. ஆக உங்கள் கையில் இருப்பது ஆறு ஹோல்டெம் கைகள். அந்த ஆறில் எத்தனை உண்மையில் வேலை செய்கிறது என்பதே கேள்வி, என் தாள் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

மேசையில் பரப்பிப் பார்த்தால் உடனே புரியும். ராணி, ஜாக்கி, 10, 4 என்று நாலு வெவ்வேறு சின்னத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ராணி-ஜாக்கி, ராணி-10, ஜாக்கி-10 மூன்றும் நன்றாக இருக்கின்றன. ராணி-4, ஜாக்கி-4, 10-4 மூன்றும் செத்த ஜோடிகள். நாலில் ஒரு சீட்டுதான் உதவாதது, கால்வாசி நஷ்டம் என்று தோன்றும், ஆனால் ஆறில் மூன்று போய்விட்டது, அதாவது பாதிக் கை. ஒட்டாமல் தொங்குகிற இந்த ஒற்றைச் சீட்டைத்தான் டாங்லர் என்கிறார்கள். ஓமஹா பழகுகிறவர்கள் வேறு எதையும் கற்றுக்கொள்ளாவிட்டாலும், டாங்லர் உள்ள கையை மடக்கிப் போடப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ராஜா, ராஜா, 7, 2 இன்னும் மோசம். ராஜா ஜோடியைத் தவிர மற்ற ஐந்தும் வீண். ஹோல்டெம் கண்ணால் பார்த்தால் இதுதான் பெரிய கை, அதனால்தான் புதியவர்கள் இதை வைத்துக்கொண்டு சிப்பைத் தள்ளுகிறார்கள்.

தாள்

நோட்டில் ஆறு கட்டம் போட்டேன், ஜோடிக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கும் கேள்வி, இந்த இரண்டு சீட்டால் நட்ஸ் ஆக முடியுமா? நட்ஸ் என்றால் அந்தப் பொதுச் சீட்டுகளை வைத்து யாரும் கட்டக்கூடிய மிகப் பெரிய கை. ஓமஹாவில் ஒரு மேசையில் நாலு பேர் இருந்தால் இருபத்து நாலு ஜோடிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, 'பரவாயில்லை' வகைக் கைகளுக்கு அங்கே இடம் இல்லை.

மதிப்பெண் இப்படி வைத்தேன். இரண்டு சீட்டும் ஒரே ஸ்ட்ரெய்ட்டுக்குள் (வரிசையான ஐந்து எண்கள்) வரக்கூடிய தூரத்தில் இருந்து, இரண்டுமே 8 அல்லது அதற்கு மேல் என்றால் 1. ஒன்றாவது 8க்குக் கீழே போனால் அரை. ஏஸ் ஜோடிக்கு 2, ராஜா முதல் 10 வரை உள்ள ஜோடிக்கு 1, 9 முதல் 7 வரை அரை, அதற்குக் கீழே சுழி. ஒரே சின்னத்தில் இரண்டு இருந்து அதன் தலை ஏஸ் என்றால் 1, தலை ராஜா, ராணி, ஜாக்கி என்றால் அரை, அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஏஸ்-2-3-4-5 ஸ்ட்ரெய்ட்டுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை, ஏஸை மேல்பக்கம் மட்டுமே எண்ணினேன். ஒரே எண்ணில் மூன்று சீட்டு வந்தால் ஜோடி மதிப்பை எடுத்துவிடுவேன், ஏனென்றால் மேசையில் வர வேண்டிய அதே எண் உங்கள் கையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது, கட்டில் மிச்சம் ஒன்றே ஒன்று.

சின்ன ஜோடிக்கு ஏன் சுழி என்று கேட்கலாம். கையில் ஒரு ஜோடி இருந்தால் ஃப்ளாப்பில் செட் (மேசையில் அதே எண் வந்து மூன்றாவது) அடிக்கும் வாய்ப்பு 12.2 சதவீதம், ஏறக்குறைய எட்டு முறைக்கு ஒருமுறை. அப்படி அடித்தாலும் 4ல் செட் வைத்திருக்கும்போது எதிராளி பாட் முழுக்கத் திருப்பி அடித்தால் அவரிடம் பெரிய செட் இருக்கிறதா என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும். ஆறு ஜோடி ஆளுக்கு இருக்கும் ஆட்டத்தில் அந்தப் பயம் நியாயமானது.

இப்போது சில கைகளை இதில் ஏற்றிப் பார்த்தேன். ஏஸ், ஏஸ், ராஜா, ராஜா, இரண்டு சின்னத்திலும் ஏஸோடு ஒரு ராஜா ஒட்டியபடி: ஏஸ் ஜோடி 2, ராஜா ஜோடி 1, ஏஸ்-ராஜா நாலு விதமாக வருவதால் 4, சின்னம் இரண்டுக்கும் 2. மொத்தம் 9. ஏஸ், ஏஸ், ஜாக்கி, 10, அதுவும் இரண்டு சின்னத்தில்: ஏஸ் ஜோடி 2, ஏஸ்-ஜாக்கி 2, ஏஸ்-10 2, ஜாக்கி-10 1, சின்னம் 2. அதுவும் 9. ஓமஹாவில் மிகச் சிறந்த கை எது என்ற பேச்சு வந்தால் அனுபவசாலிகள் சொல்வது இந்த இரண்டு கைகளைத்தான், தாளும் அதே இரண்டையும் உச்சியில் வைத்தது மனதுக்குத் தெம்பாக இருந்தது.

ஜாக்கி, 10, 9, 8, ஜாக்கியும் 9ம் ஒரு சின்னம், 10ம் 8ம் ஒரு சின்னம்: ஆறு ஜோடியும் உயிரோடு இருப்பதால் 6, ஜாக்கி தலைமைச் சின்னத்துக்கு அரை, ஆக 6.5. மேலே பார்த்த ராணி, ஜாக்கி, 10, 4க்கு 3. ராஜா, ராஜா, 7, 2க்கு 1. ஒரே ஒரு படம் உள்ள ஜாக்கி, 10, 9, 8 கை ராஜா ஜோடியை இவ்வளவு தூரம் முந்துவதைப் பார்த்து மேசையில் இருந்த ஒருவர், "அண்ணா, இது நம்ம ரம்மிக் கை மாதிரி வரிசையா இருந்தாத்தான் மதிப்பா?" என்று கேட்டார். ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான், நாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

பைத்தானில் சரிபார்ப்பு

நிரல் பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டுகளுக்கு 0 முதல் 51 வரை எண், நாலால் வகுத்தால் ஈவு சீட்டின் மதிப்பு, மீதி சின்னம். ஐந்து சீட்டைக் கொடுத்தால் அது என்ன கை என்று சொல்லும் ஒரு செயல்கூறு, அதன் மேல் கையின் 6 ஜோடியையும் மேசையின் 10 மூன்று-சீட்டு சேர்க்கைகளையும் இணைத்து 60 சேர்க்கைகளில் எது பெரியது என்று பார்க்கும் இன்னொன்று.

முதலாவது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நல்ல வழி, 52 சீட்டில் சாத்தியமான எல்லா ஐந்து சீட்டுக் கைகளையும், 25,98,960ஐயும், அதன் வழியாக ஓட்டி எண்ணிக்கை பார்ப்பது. ஃபுல் ஹவுஸ் (ஒரு எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) 3,744, ஃப்ளஷ் 5,108, ஸ்ட்ரெய்ட் 10,200, நாலும் ஒரே எண் 624, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் ராயலையும் சேர்த்து 40 என்று வர வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. இரண்டாவதற்கு மேலே சொன்ன சோதனை, மேசையில் நாலு இஸ்பேட், கையில் இஸ்பேட் ஏஸ் மட்டும். ஃப்ளஷ் என்று பதில் வந்தால் நிரல் ஹோல்டெம் ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் தொடக்கக் கைகளை எண்ண வைத்தேன். 52ல் நாலு எடுக்க 2,70,725 வழிகள், ஹோல்டெமில் இது வெறும் 1,326. சின்னத்தை இடம் மாற்றினால் ஒன்றுபோல ஆகிறவற்றைச் சேர்த்துவிட்டாலும் 16,432 வகைக் கைகள், ஹோல்டெமில் 169. மனப்பாடம் செய்யும் அட்டவணை இங்கே ஏன் செல்லாது, தாள் மாதிரி ஒரு முறை ஏன் வேண்டும் என்பதற்கு இந்த எண்ணே போதும்.

சின்னம் வாரியாகப் பிரித்ததில் கிடைத்தது இன்னும் பயனுள்ளது. ஒரு சின்னத்தில் இரண்டு, மற்ற இரண்டும் தனித்தனி: 1,58,184. ஒரு சின்னத்தில் மூன்று: 44,616. இரண்டுக்கு இரண்டு, அதாவது டபுள் சூட்டட்: 36,504. நாலும் வெவ்வேறு, ரெயின்போ: 28,561. நாலும் ஒரே சின்னம்: 2,860. கூட்டினால் 2,70,725 சரியாக வருகிறது. டபுள் சூட்டட் 13.5 சதவீதம், ஏழெட்டுக் கைக்கு ஒன்று வந்துவிடுகிறது, எனவே 'இரண்டு சின்னம் இருக்கே' என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கையை ஆடக் கூடாது. நாலும் ஒரே சின்னமாக வருவதைப் பார்த்துப் பலர் மகிழ்கிறார்கள், ஆனால் அதில் இரண்டுதான் பயன்படும், மற்ற இரண்டும் மேசைக்கு வர வேண்டிய அதே சின்னத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. இரண்டு மட்டும் இருந்தால் கட்டில் 11 மிச்சம், நாலு இருந்தால் 9தான்.

ஏஸ் ஜோடி (மூன்று, நாலு ஏஸ் வந்தவற்றையும் சேர்த்து) 6,961 கைகள், 39க்கு ஒன்று. ஹோல்டெமில் 221க்கு ஒன்று. இவ்வளவு அடிக்கடி வருகிற ஏஸ் ஜோடியில், இரண்டு ஏஸுக்கும் அதனதன் சின்னத்தில் துணை வந்த டபுள் சூட்டட் 864 மட்டுமே, 313க்கு ஒன்று. 'ஏஸ் ஜோடி' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் நல்லதுக்கும் சுமாருக்கும் இவ்வளவு இடைவெளி.

மோதவிட்டும் பார்த்தேன், ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு லட்சம் முறை சீட்டு போடும்படி. ஒரு லட்சம் என்றால் பிழை 0.3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும், இந்த வேலைக்கு அது தாராளம். வெறும் பைத்தானில் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஓடவிட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். உச்சிக் கையான டபுள் சூட்டட் ஏஸ்-ஏஸ்-ராஜா-ராஜாவை டபுள் சூட்டட் 8-7-6-5 மாதிரி வரிசைக் கையோடு மோதவிட்டாலே ஏறக்குறைய 60க்கு 40தான். ஏஸ், ஏஸ், 7, 2 ரெயின்போவை ஜாக்கி-10-9-8 டபுள் சூட்டடோடு விட்டால் சரிபாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஹோல்டெமில் எந்தக் கையோடு மோதினாலும் ஏஸ் ஜோடி சராசரியாக 85 சதவீதம் ஜெயிக்கும், அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் ஃப்ளாப்புக்கு முன்னாலேயே சிப் எல்லாம் போய்விடும்.

9-8-2 ஃப்ளாப்பில் மூன்று கைகள்

தாளின் உண்மையான சோதனை இதுதான், நேரம் இருந்தால் நீங்களும் சீட்டைக் கையில் எடுத்துச் செய்து பாருங்கள். மேசையில் 9, 8, 2, மூன்றும் வேறு வேறு சின்னம். மூன்று கைகளை ஒவ்வொன்றாக வைத்து, கட்டில் இருந்து ஸ்ட்ரெய்ட் ஆக்கும் சீட்டுகளை எல்லாம் பொறுக்கித் தனியாக அடுக்கினேன்.

முதலில் ஜாக்கி, 10, 7, 6. ராணி வந்தால் ஆகும், நாலு சீட்டு. ஜாக்கி, 10, 7, 6 ஒவ்வொன்றிலும் மூன்று மிச்சம், எல்லாமே ஸ்ட்ரெய்ட் தரும். 5 வந்தாலும் ஆகும், நாலு. மொத்தம் 20 அவுட், அதாவது கையை முடித்துத் தரும் சீட்டுகள். ரிவருக்குள் வரும் வாய்ப்பு 69.7 சதவீதம், செட் வைத்திருப்பவரையே முறைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிக் கேளுங்கள், வந்தபின் நான் நட்ஸா? ஜாக்கி வந்தால் மேசை ஜாக்கி-9-8, ராணி-10 வைத்திருப்பவர் நம்மை அடிப்பார். 10 வந்தால் ராணி-ஜாக்கி வைத்திருப்பவர் அடிப்பார். அந்த ஆறையும் ஒதுக்கினால் நட் அவுட் 14.

இரண்டாவது ராணி, ஜாக்கி, 10, 7. ராணி 3, ஜாக்கி 3, 10 3, 7 3, 6 நாலு. மொத்தம் 16, முந்தையதைவிடக் குறைவு. ஆனால் 16ல் எது வந்தாலும் நட்ஸ், ஒன்றுகூட விலக்கு இல்லை. ரிவருக்குள் 59 சதவீதம்.

மூன்றாவது ராஜா, 7, 6, 5. 10 நாலு, 7 மூன்று, 6 மூன்று, 5 மூன்று, மொத்தம் 13 அவுட், ரிவருக்குள் 49.9 சதவீதம், கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. 10 வந்தால் ராணி-ஜாக்கியும் ஜாக்கி-7ம் நம்மை அடிக்கும். 7 வந்தால் ஜாக்கி-10 அடிக்கும். 6 வந்தால் 10-7 அடிக்கும். நட்ஸ் தருவது 5 மட்டும், மூன்றே சீட்டு. 13 அவுட்டில் 3. மேசையின் கீழ்ப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் கைகளுக்கு எல்லாம் இதே கதிதான்: ஸ்ட்ரெய்ட் வரும், வந்தபிறகு அதைவிடப் பெரிய ஸ்ட்ரெய்ட்டுக்குச் சிப் கொடுக்க வேண்டியிருக்கும்.

தாளில் இந்த மூன்றுக்கும் சின்னத்தைக் கணக்கில் எடுக்காமல் என்ன வருகிறது? ராணி, ஜாக்கி, 10, 7க்கு 4. ஜாக்கி, 10, 7, 6க்கு 3. ராஜா, 7, 6, 5க்கு 1.5. நட் அவுட் 16, 14, 3 என்று இறங்கிய அதே வரிசை. 8ஐ எல்லையாக வைத்து முழு, அரை என்று பிரித்தது இதற்காகத்தான், இந்த மூன்று கைகளைப் பார்த்தபிறகு அந்த எல்லையைத் தொடவே இல்லை.

எந்த இடத்தில் எந்த மதிப்பெண்

நாங்கள் வைத்துக்கொண்ட அளவு: முதலில் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால் 5.5க்கு மேல் மட்டும். பட்டனில், அதாவது கடைசியாகப் பேசும் இடத்தில், 4 போதும். 3க்குக் கீழே எங்கே உட்கார்ந்தாலும் ஃபோல்ட், அதாவது கையை மடக்கிப் போடுவது, பெரிய பிளைண்டில் (சீட்டு பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடுவதில் பெரியது) இலவசமாகப் பார்க்கக் கிடைத்தால் தவிர. ஏஸ் ஜோடிக்கு மட்டும் தனி விதி, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இடத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், ஓமஹாவில் டர்ன், ரிவர் ஒவ்வொரு சீட்டிலும் நட்ஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. மற்றவர்கள் செக் செய்தார்களா (எதுவும் போடாமல் விட்டார்களா) பெட் வைத்தார்களா என்று பார்த்துவிட்டுப் பேசுகிறவருக்கு அது எல்லாம் தகவல். முதலில் பேசுகிறவர் ஒவ்வொரு சுற்றிலும் இருட்டில் பேசுகிறார்.

பாட் கணக்கு

பாட் லிமிட்டில் அதிகபட்சம் எவ்வளவு ஏற்றலாம் என்பதைச் சொல்ல மேசையில் ஆளுக்கொரு கணக்கு ஓடும், அதனால் ஒரு சுருக்க வழி எழுதி நோட்டின் அட்டையில் ஒட்டினேன். கடைசி பெட்டை மூன்றால் பெருக்கு, அதற்கு முன் மற்றவர்கள் போட்ட சிப்பைக் கூட்டு, நீ இந்தச் சுற்றில் ஏற்கெனவே போட்டதைச் சேர்க்காதே. வருவதுதான் நீ எட்டக்கூடிய மொத்தம்.

பிளைண்ட் 1, 2 என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஏற்றுபவர்: 2ஐ மூன்றால் பெருக்கி 6, சின்ன பிளைண்ட் 1, ஆக 7. அடுத்தவர் அதன் மேல் முழு பாட் ஏற்றினால்: 21, அதோடு பிளைண்ட் 3, ஆக 24. முதல் ஆள் மறுபடி ஏற்றினால்: 72, அதோடு 3, ஆக 75. அவருடைய பழைய 7 இதில் வராது. ஃப்ளாப்புக்குப் பிறகும் இதே வழி, பாட்டில் 20 இருக்க ஒருவர் 15 வைத்தால் 45ம் 20ம் சேர்த்து 65 வரை ஏற்றலாம்.

இந்த எண்களைச் சும்மா மனப்பாடம் செய்யாமல், பாட் எப்படி வீங்குகிறது என்று சிப்பை அடுக்கிப் பாருங்கள். 7க்கு ஏற்றி ஒருவர் கால் செய்தால் (அதே அளவு போட்டுத் தொடர்ந்தால்), பிளைண்ட் போட்ட இரண்டு பேரும் ஃபோல்ட் செய்த நிலையில் பாட் 17. ஃப்ளாப்பில் முழு பாட் 17 வைத்து கால் ஆனால் 51. டர்னில் 51, கால் ஆனால் 153. ரிவரில் 153 வைத்தால் 459. ஒவ்வொரு முழு பாட் பெட்டுக்கும் பாட் மூன்று மடங்கு ஆகிறது. 200 சிப்போடு உட்கார்ந்தவருக்கு 7 போட்டபின் மிச்சம் 193, மூன்று பெட்டுக்கும் சேர்த்து வேண்டியது 221. ஃப்ளாப்பில் அந்த 17ஐ கால் செய்யும்போதே, இந்தக் கை நம் மொத்தச் சிப்பையும் தாங்குமா என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும். ஹோல்டெம் பழக்கத்தில் 'ஒரு சீட்டு பார்த்துவிடலாம்' என்று கால் செய்வது இங்கே மிக விலை உயர்ந்த பழக்கம்.

முழு பாட் பெட்டை கால் செய்ய, ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று வேண்டும், 33.3 சதவீதம். டர்னில் நம் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 44. 16 நட் அவுட் என்றால் 36.4 சதவீதம், தாராளமாக கால். 13 அவுட் என்றால் 29.5, வந்தபின் எதிராளி இன்னும் சிப் கொடுப்பார் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும், அதுவும் அந்த 13ம் நட்ஸாக இருந்தால் மட்டும். வெறும் ஃப்ளஷ் டிரா (ஃப்ளஷுக்கு இன்னும் ஒரு சீட்டு வர வேண்டிய கை) 9 அவுட், 20.5 சதவீதம், முழு பாட்டுக்கு ஃபோல்ட். மூன்று நட் அவுட் வைத்திருக்கும் ராஜா, 7, 6, 5ஐப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பெட் வைப்பது பற்றி எங்களுக்குள் வைத்துக்கொண்டது: 16 நட் அவுட் மாதிரி கை ஃப்ளாப்பில் விழுந்தால் கால் செய்துகொண்டு காத்திருக்காமல் நாமே பெட் வைப்பது, யாராவது வைத்தால் ஏற்றுவது. எல்லாரும் ஃபோல்ட் செய்தால் அப்போதே பாட் நமக்கு, கால் செய்தாலும் பாதிக்கு மேல் நமக்கு வந்து விழும். நடுத்தரக் கையோடு, உதாரணமாக மேல் இரண்டு ஜோடி மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று நாலு பேருக்கு நடுவில் முழு பாட் அடிப்பதை நிறுத்தினோம். பாதி பாட் வைத்துப் பார்ப்பது அல்லது செக் செய்வது போதும்.

ஒரே நட்ஸ், ஆனால் ஒருவர் மட்டும் தோற்கக்கூடிய நிலை

சின்னத்துக்கு ஏன் தாளில் மதிப்பெண் என்று கேட்பவர்களுக்கு நான் போட்டுக் காட்டும் கை இது. மேசையில் இஸ்பேட் 9, இஸ்பேட் 8, ஆட்டின் 7. ஒருவரிடம் கிளாவர் ஜாக்கி, டைமன் 10, கிளாவர் 3, ஆட்டின் 2. இன்னொருவரிடம் டைமன் ஜாக்கி, ஆட்டின் 10, இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் ராஜா. இரண்டு பேரிடமும் ஜாக்கி-10, இரண்டு பேரும் இப்போது நட்ஸ், இரண்டு பேரும் பாட் பாட் என்று ஏற்றி எல்லாச் சிப்பும் உள்ளே போகிறது.

முதல் ஆளுக்கு மிக நல்ல முடிவு என்ன? பாட்டைப் பாதியாகப் பிரித்துக்கொள்வது. அதற்கு மேல் எந்த டர்ன், ரிவர் வந்தாலும் அவர் தனியாக ஜெயிக்க வழியே இல்லை, கட்டைப் புரட்டி எல்லா வழியும் தேடினேன். இரண்டாவது ஆளுக்கோ 41 சீட்டில் 9 இஸ்பேட், இரண்டில் ஒன்றாவது வரும் வாய்ப்பு 39.5 சதவீதம், அப்போது முழுப் பாட்டும் அவருக்கு. நட்ஸ் கையில் இருந்தும் ஐந்தில் இரண்டு முறை மொத்தமாகத் தோற்கிறார் முதல் ஆள். 3ம் 2ம் அவருக்கு இரண்டு உதவாத சீட்டு, எதிராளியின் ஏஸ்-ராஜா சும்மா கூட வந்த ஒரு லாட்டரிச் சீட்டு. தொடக்கக் கையில் ஆறு ஜோடியும் வேலை செய்ய வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இந்த மாதிரி நேரத்துக்காகத்தான்.

ஏஸ் ஜோடி

ஏஸ், ஏஸ் கையில் இருந்து மற்ற இரண்டும் நல்லதாக இருந்தால் (தாளில் 6க்கு மேல்) எந்த யோசனையும் வேண்டாம், கிடைக்கும் வரை ஏற்றலாம். பிரச்சினை ஏஸ், ஏஸ், 7, 2 வகை. அதற்கு மதிப்பெண்ணைப் பார்க்காமல், ஃப்ளாப்புக்கு முன்னால் எவ்வளவு சிப் உள்ளே போகும் என்று பார்க்கிறோம். 75 வரை ஏற்றி ஒருவர் கால் செய்தால் பாட் 153, கையில் மிச்சம் 125. பாட்டைவிட மிச்சம் குறைவு, எந்த ஃப்ளாப் வந்தாலும் அநேகமாக உள்ளே தள்ளிவிடலாம், ஏஸ் ஜோடியின் பலம் முழுக்கப் பயன்படும். 24 வரைக்கும் மட்டும் போய் கால் ஆனால் பாட் 51, மிச்சம் 176, பாட்டைப் போல மூன்றரை மடங்கு. 'இவரிடம் ஏஸ் ஜோடி' என்று மேசையே கணித்துவிட்டது, நமக்கோ எதிராளியிடம் என்ன என்று தெரியாது, ஃப்ளாப்பில் 9-8-6 விழுந்தால் என்ன செய்வது? அதனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போகும் வாய்ப்பு இருந்தால் ஏற்றுவது, இல்லாவிட்டால் இந்தக் காய்ந்த ஏஸ் ஜோடியை வெறுமனே கால் செய்து, ஏஸ் விழுந்தால் ஆடுவது, விழாவிட்டால் சின்ன பாட்டிலேயே விட்டுவிடுவது.

இனி ஐந்து சீட்டு ஓமஹாவுக்குத் தாளை மாற்ற வேண்டும், மேசையில் இப்போது எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கட்டம் ஆறுக்குப் பதில் பத்து. ஒரு டாங்லர் பத்தில் நாலு ஜோடியைக் கெடுக்கிறது, பாதி அல்ல, 40 சதவீதம். தொடக்கக் கைகள் 25,98,960 ஆகிவிடும், ஆளுக்கு 100 சேர்க்கை பார்க்க வேண்டும், என் வெறும் பைத்தான் நிரல் அதற்குத் தாங்காது என்பதால் ஐந்து சீட்டுக் கைகளின் மதிப்பை முன்கூட்டியே ஒரு பட்டியலாகப் போட்டு வைத்துக்கொள்ளும் வேலை இப்போது போய்க்கொண்டிருக்கிறது. 8 என்ற எல்லையை 9 ஆக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன், பத்து ஜோடி சுற்றும் இடத்தில் 8 தலைமை ஸ்ட்ரெய்ட் எல்லாம் நட்ஸாக நிற்பது இன்னும் கடினம்.